இணையத்தளங்களில் பிறர் வைத்த பொத்தான்கள்: பொறுப்பு யாருடையது?

2018 பெப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில், பிரித்தானியாவில் டிக்கெட்மாஸ்டர் இணையத்தளத்தில் இசை நிகழ்ச்சிக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் கட்டணம் செலுத்தும் பக்கத்தில் வங்கி அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றைப் பதிந்தார்கள். அதே பக்கத்தில் ஒரு அரட்டைப் பெட்டியும் இருந்தது. “உங்களுக்கு உதவி தேவையா?” என்று கேட்கும் வகையைச் சேர்ந்த சிறிய பெட்டி அது. பெரும்பாலானோர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால், அட்டை விபரங்கள் களவு போனது அதன் வழியாகத்தான்.

அந்தப் பெட்டியை டிக்கெட்மாஸ்டர் தானாகச் செய்யவில்லை. இன்பென்டா என்ற வேறொரு நிறுவனம் செய்து, தனது வழங்கியிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தது. டிக்கெட்மாஸ்டர் செய்தது தனது பக்கத்தில் அதை அழைக்கும் ஒரு வரியைச் சேர்த்தது மட்டும்தான். தாக்குதல் நடத்தியவர்கள் டிக்கெட்மாஸ்டரின் கதவை உடைக்கவில்லை. இன்பென்டாவின் கோப்பை மாற்றினார்கள். மாற்றப்பட்ட கோப்பு, அழைப்பின் பேரில், கட்டணப் பக்கத்துக்குள் முறைப்படி நுழைந்தது.

ஐரோப்பா முழுவதும் 94 இலட்சம் வாடிக்கையாளர்கள் இதனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் பின்னர் கூறியது. பார்க்லேஸ் வங்கியின் 60,000 அட்டைகள் மோசடிக்கு உள்ளாகின. மொன்சோ வங்கி 6,000 அட்டைகளை மாற்றிக் கொடுத்தது.

இந்தச் சம்பவத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் அரசாங்க சேவைகள், வங்கிகள், வைத்தியசாலைகள், செய்தித் தளங்கள் எல்லாம் வேகமாக இணையத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. டிஜிட்டல் மயமாக்கல் பற்றிப் பேசும்போது தரவுத்தளங்களைப் பற்றியும் அடையாள அட்டையைப் பற்றியும் விவாதிக்கிறோம். ஆனால், அந்தத் தளங்களின் முகப்பில் ஒட்டப்படும் பிறருடைய பொத்தான்கள், பெட்டிகள், எழுத்துருக்கள், வரைபடங்கள் பற்றி எவரும் கேட்பதில்லை. அவை அலங்காரமாகத் தெரிவதே காரணம்.

ஒலிபெருக்கிக்காரரும் வீட்டுச் சாவியும்

அரட்டைப் பெட்டி ஒன்றுக்கு வங்கி அட்டை இலக்கத்தோடு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனால், இணைய உலாவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரு பக்கத்துக்குள் நேரடியாகச் சேர்க்கப்படும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு யாருடையதாக இருந்தாலும், தளத்தின் சொந்தக் கோப்புக்கு உள்ள அதே அதிகாரத்துடன் இயங்கும். பக்கத்தில் தட்டச்சு செய்யப்படும் எல்லாவற்றையும் அதனால் வாசிக்க முடியும். வாசித்ததை வேறோர் இடத்துக்கு அனுப்பவும் முடியும்.

கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்ட வருபவருக்கு முற்றத்தில் மட்டும்தான் வேலை. ஆனால், அவரிடம் வீட்டின் எல்லா அறைகளுக்கும் அலுமாரிக்கும் சேர்த்து ஒரே சாவியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அவர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால், அவருடைய கடையில் வேலை செய்பவர் யார், அந்தச் சாவியை அவர் எங்கே வைக்கிறார், அடுத்த மாதம் கடையை யாருக்கு விற்கப்போகிறார் என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

டிக்கெட்மாஸ்டர் விவகாரம் வெளிவந்ததும் இரு தரப்பும் ஒருவரையொருவர் காட்டின. பிரச்சினை இன்பென்டாவின் மென்பொருளில் இருந்ததாக டிக்கெட்மாஸ்டர் சொன்னது. கட்டணப் பக்கத்தில் அதை வைக்கப்போவதாகத் தமக்கு அறிவிக்கப்படவில்லை என்றும், அறிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்போம் என்றும் இன்பென்டா சொன்னது.

இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது என்பதுதான். மோசடி பற்றி முறையிட்ட தனது வாடிக்கையாளர்கள் சுமார் 50 பேரில் 70 சதவீதமானோர் டிக்கெட்மாஸ்டரில் அட்டையைப் பயன்படுத்தியவர்கள் என்பதை 2018 ஏப்ரல் 6 ஆம் திகதியே மொன்சோ வங்கி கண்டுகொண்டது. சில நாட்களில் அதை டிக்கெட்மாஸ்டருக்கும் தெரிவித்தது. தமது உள்ளக விசாரணையில் எதுவும் அகப்படவில்லை என்பதே பதிலாக இருந்தது. எச்சரிக்கை கிடைத்ததிலிருந்து தனது கட்டணப் பக்கத்தினூடாகச் செல்லும் தரவுப் போக்குவரத்தைக் கண்காணிக்கத் தொடங்க அந்த நிறுவனத்துக்கு ஒன்பது வாரங்கள் பிடித்தன. தமது வழங்கியைச் சோதித்தவர்கள், தமது பக்கத்துக்குள் வெளியிலிருந்து வருவதைச் சோதிக்கவில்லை.

2020 நவம்பரில் தகவல் ஆணையாளர் அலுவலகம் டிக்கெட்மாஸ்டருக்கு 12.5 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. கட்டணப் பக்கத்தில் அரட்டைப் பெட்டியை வைப்பதிலுள்ள ஆபத்தை மதிப்பிடவில்லை, அதற்கேற்ற பாதுகாப்பைச் செய்யவில்லை, மோசடியின் மூலத்தை உரிய காலத்தில் கண்டறியவில்லை என்பன காரணங்கள். வெளியாரின் பொருளாக இருந்தாலும், அதை உள்ளே அழைத்தவரே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

கடை கைமாறும்போது

அழைக்கப்பட்டவர் அன்று நல்லவராக இருப்பது போதாது என்பதை 2024 இல் நடந்த பொலிஃபில் விவகாரம் காட்டியது. பழைய உலாவிகளில் புதிய இணையத்தளங்கள் இயங்குவதற்குத் துணைசெய்யும் இலவச நிரல் அது. புதிய கைபேசி வாங்க வசதியில்லாதவர்களின் கையிலும் தளம் வேலை செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பல வடிவமைப்பாளர்கள் அந்த ஒற்றை வரியைச் சேர்த்தார்கள்.

2024 பெப்ரவரியில் அந்தச் சேவையின் இணைய முகவரியும் அதன் கிட்ஹப் கணக்கும் ஃபன்னல் என்ற நிறுவனத்துக்குக் கைமாறின. அந்தத் திட்டத்தை ஆரம்பித்த அன்ட்ரூ பெட்ஸ், உடனடியாக அதை அகற்றிவிடுமாறு எல்லோரையும் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். இன்றைய தளங்களுக்கு அது தேவையே இல்லை என்றும் சொன்னார். பெரும்பாலானோர் கேட்கவில்லை, தமது தளத்தில் அப்படியொரு வரி இருப்பதே பலருக்கு நினைவில் இருந்திராது.

நான்கு மாதங்களின் பின்னர், ஜூன் 25 ஆம் திகதி, சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விடயத்தை வெளிப்படுத்தியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அந்த வரி, கைபேசியில் வரும் வாசகர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திசைதிருப்பிக்கொண்டிருந்தது. அது எல்லோருக்கும் நிகழவில்லை. குறிப்பிட்ட கைபேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் நிகழ்ந்தது. தளத்தின் நிர்வாகி பார்க்கும்போது எதுவுமே தெரியாதபடி அது எழுதப்பட்டிருந்தது. கூகுளின் சேவை முகவரியில் ஓரிரு எழுத்துக்களை மாற்றி, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் போலி முகவரியையும் பயன்படுத்தினார்கள். பழைய கைபேசிக்காரர்களுக்காகச் சேர்க்கப்பட்ட வரி, கைபேசிக்காரர்களையே குறிவைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2025 மே மாதம் அமெரிக்கத் திறைசேரி அதே ஃபன்னல் நிறுவனத்துக்குத் தடை விதித்தது. ஆட்களோடு நட்பாகப் பழகி, போலி கிரிப்டோ முதலீடுகளில் பணம் போடச் செய்யும் மோசடித் தளங்களுக்கு இணைய வசதி வழங்கியதே அந்த நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டு. இந்த வகை மோசடி எமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. வேலை வாய்ப்பென்று நம்பிச் சென்று, மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட இலங்கையர்களைப் பற்றி 2024 இல் தொடர்ந்து செய்திகள் வந்தன. இந்த நிறுவனத்துக்கும் அந்த முகாம்களுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரு தளத்தின் மூலையில் மறந்துபோன ஒற்றை வரி எந்த உலகத்துக்குக் கதவு திறந்துவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

காவலாளியின் வீட்டிலும்

அரசாங்கத் தளங்கள் இதற்கு விதிவிலக்கல்ல. 2018 பெப்ரவரி 11 ஆம் திகதி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ‘பிரவுஸ்அலவுட்’ என்ற கருவியின் கோப்பு மாற்றப்பட்டது. அதைப் பயன்படுத்திய 4,000 இற்கும் மேற்பட்ட தளங்களுக்குச் சென்றவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலேயே மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை உற்பத்தி செய்யத் தொடங்கின. பிரித்தானிய சுகாதார சேவையின் தளங்கள், அமெரிக்க நீதிமன்றங்களின் தளம் ஆகியன அந்தப் பட்டியலில் இருந்தன. பின்னர் டிக்கெட்மாஸ்டருக்கு அபராதம் விதித்த அதே தகவல் ஆணையாளர் அலுவலகத்தின் தளமும் இருந்தது.

சில மணித்தியாலங்களில் கருவி நிறுத்தப்பட்டது. சேதமும் பெரிதல்ல. ஆனால், இந்த விடயத்தை வெளிக்கொண்டுவந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்கொட் ஹெல்ம் சுட்டிக்காட்டியது முக்கியமானது. கணினியின் செயலாற்றலைத் திருடிய அதே வழியில் கடவுச்சொற்களையும் திருடியிருக்கலாம். இதைத் தடுக்கும் வழியும் அப்போதே இருந்தது. அழைக்கும் வரியிலேயே கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டைச் சேர்த்துவிட்டால், கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் உலாவி அதை இயக்க மறுத்துவிடும். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2016 ஜூனிலேயே இதை அங்கீகரித்திருந்தது. கருவியை வழங்குபவர்கள் கோப்பை அடிக்கடி புதுப்பித்தால் இந்த முறை பயன்படாது என்பது உண்மை. அப்படியானால், அடிக்கடி மாறும் அந்நியக் கோப்பு ஒன்றை முக்கியமான பக்கத்தில் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வியாகிறது.

திருடர் இல்லாத இடத்திலும்

இதுவரை சொன்னவற்றில் திருடர்கள் இருந்தார்கள். திருடரே இல்லாமலும் வாசகரின் தகவல் வெளியே போகலாம். எமது ஊடகச் சூழலுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஜேர்மனியில் ஃபேஷன் ஐடி என்ற இணைய ஆடைக் கடை, பேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானைத் தனது தளத்தில் வைத்திருந்தது. பக்கம் திறந்த மறுகணமே வருகையாளரின் இணைய முகவரி பேஸ்புக்குக்குச் சென்றது. அவர் பொத்தானை அழுத்தியிருக்கத் தேவையில்லை. பேஸ்புக் கணக்கே இல்லாதவராகவும் இருக்கலாம். நுகர்வோர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2019 ஜூலை 29 ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவலைச் சேகரிப்பதற்கும் அனுப்புவதற்கும் பேஸ்புக்குடன் சேர்ந்து அந்தக் கடையும் பொறுப்பு என்றது. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, கூகுளின் வழங்கியிலிருந்து எழுத்துருவை வரவழைத்த ஒரு தளம், அதன் மூலம் வருகையாளரின் இணைய முகவரியைக் கூகுளுக்கு அனுப்பியமைக்காக அவருக்கு 100 யூரோ நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது.

ஆடைக் கடையில் யார் எந்தச் சட்டையைப் பார்த்தார் என்பது பெரிய விடயமாகத் தெரியாமல் இருக்கலாம். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டம் பற்றிய கட்டுரையை யார் வாசித்தார், காணி அபகரிப்பு பற்றிய அறிக்கையை யார் எத்தனை முறை திறந்தார், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர் பற்றிய செய்தியை எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்பவை அப்படியானவை அல்ல. ஒரு முகநூல் பதிவுக்காக ஆட்கள் விசாரணைக்கு அழைக்கப்பட்ட நாட்டில், வாசிப்பதும் ஒரு தடயம்தான்.

நான் எழுதும் தளங்கள் உட்பட, தமிழ்ச் செய்தித் தளங்கள் சிலவற்றைக் கணினியில் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, வலையமைப்புப் பகுதியைப் பார்த்தேன். யாரும் செய்து பார்க்கலாம். தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு கட்டுரையைத் திறந்தவுடன் அந்தப் பக்கம் யார் யாரையெல்லாம் அழைக்கிறது என்ற பட்டியல் வரும். விளம்பர நிறுவனங்கள், வருகையாளரை எண்ணும் சேவைகள், சமூக ஊடகப் பெட்டிகள், எழுத்துருக்கள், காணொளிகள். செய்தி ஒன்று, அதை நாம் வாசிப்பதைப் பார்த்திருப்பவர்கள் பலர். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது மூலங்களைப் பாதுகாப்பது பற்றி எமக்கு விரிவாகச் சொல்லித்தந்தார்கள். தகவல் தருபவரின் பெயரை வெளியிடாமலிருக்க இன்றும் பாடுபடுகிறோம். அதே கட்டுரையை வாசிப்பவரின் தகவலை நாமே வெளியே அனுப்புகிறோம் என்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. ஓரிருவர் நடத்தும் தளத்துக்கு எல்லாவற்றையும் தானாக எழுதிக்கொள்ள முடியாது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். யாரோ செய்த எழுத்துருக்களும் கருவிகளும் இல்லாவிட்டால் தமிழ் இணையமே இருந்திருக்காது. விளம்பர வருமானமும் தேவை. ஆகவே, பிறருடைய எதையும் தொடக்கூடாது என்பதல்ல வாதம். எதை, எந்தப் பக்கத்தில், எப்படி வைப்பது என்பதே கேள்வி. யூனிகோட் எழுத்துருக்கள் பல திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை இறக்கிச் சொந்த வழங்கியிலேயே வைத்துக்கொள்ளலாம். ‘லைக்’ பெட்டிக்குப் பதிலாகச் சாதாரண பகிர்வு இணைப்பு போதும். அழுத்தும் வரை அது எதையும் எங்கும் அனுப்பாது. ஜேர்மனியின் ஹைசே பதிப்பகம் 2014 இலேயே இப்படியான பொத்தான்களைச் செய்து இலவசமாக வெளியிட்டது.

பொத்தானால் தீராத கடமை

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. ஒரு கடமையைச் செய்யாமல், செய்ததாகக் காட்டும் பொத்தான் அது. ஒரு வரியைச் சேர்த்தால் போதும், எந்தத் தளமும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த அக்செசிபி நிறுவனம், 10 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அறிவித்தது. அந்த வாக்குறுதி உண்மையல்ல என்பதே காரணம்.

எமக்கு இதன் இணை மொழிபெயர்ப்புப் பொத்தான். 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பின்னர் தமிழும் அரசகரும மொழி. அரச நிறுவனம் ஒன்று தமிழ்ப் பக்கத்தை எழுதாமல், இயந்திர மொழிபெயர்ப்புப் பொத்தானை வைத்துவிட்டு மும்மொழித் தளம் என்று சொல்லிக்கொண்டால், அது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. விண்ணப்பப் படிவத்திலோ வெள்ள அபாய அறிவித்தலிலோ இயந்திரம் ஒரு சொல்லைப் பிழையாகப் பெயர்த்தால், யாரிடம் போய் முறையிடுவது? கையொப்பமிட்ட அதிகாரி எவரும் இல்லாத தமிழ் அது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. தரவைக் கட்டுப்படுத்துபவர் யார், அவருக்காகக் கையாளுபவர் யார் என்று அது பிரிக்கிறது. டிக்கெட்மாஸ்டரும் இன்பென்டாவும் போன்றவர்கள் இங்கே விரலை நீட்டிக்கொண்டால், கேட்க வேண்டிய கேள்விக்கான சொற்கள் எம்மிடம் இருக்கின்றன. ஆனால், முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்த 2025 மார்ச் 18 என்ற திகதி பிற்போடப்பட்டது.

தாமதத்துக்கும் விலை உண்டு. டிக்கெட்மாஸ்டரில் களவு பெப்ரவரியில் தொடங்கியிருந்தும், ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த 2018 மே 25 இற்குப் பிந்திய காலத்துக்கு மட்டுமே அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் களவு போனவர்களின் நாட்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

சட்டம் முழுமையாக வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு திணைக்களத்திடமோ அரச வங்கியிடமோ அரச வைத்தியசாலையிடமோ கேட்கலாம்: உங்கள் தளத்தில் எந்தெந்த வெளி நிறுவனங்களின் நிரல்கள் இயங்குகின்றன? அவற்றைச் சேர்க்க அனுமதித்தவர் யார்? கட்டணம் செலுத்தும், அடையாள அட்டை இலக்கம் பதியும் பக்கங்களிலும் அவை இருக்கின்றனவா? கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்க வேண்டியிருப்பதே அலுவலகத்தில் ஒருவரை எஃப்12 விசையை அழுத்த வைக்கும்.

அதே கேள்விகளை ஊடகங்களாகிய நாமும் எம்மிடம் கேட்க வேண்டும். அரசின் கண்காணிப்பைப் பற்றி எழுதும் பக்கத்திலேயே, வாசகரைக் கண்காணிக்கும் வரிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். பயன்படாதவற்றை இன்றே அகற்றலாம். மிஞ்சுவன எவை, ஏன் வைத்திருக்கிறோம் என்பதைத் தளத்திலேயே தமிழில் எழுதி வைக்கலாம். எவரும் உத்தரவிடும் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எம்மை நம்பி வரும் வாசகருக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அது.